கரிசல் காட்டு ஐந்தாம் வகுப்பு

தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 16. இந்தியாவில் மாநிலங்கள் 22, யூனியன் பிரதேசங்கள் 9. சூரியனைச் சுற்றும் கோள்கள் 9. கடைக்கோடியில் இருப்பது புளூட்டோ. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நாடு சோவியத் யூனியன். இந்தியாவின் மக்கள்தொகை 68 கோடி. 1982-83இல் ஐந்தாம் வகுப்பில் இப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். இன்று எழுதினால் ஒன்றுக்கும் கிடைக்காது.

மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன. எங்கள் திருநெல்வேலி மாவட்டமே 1986இல் இரண்டாகி, எங்கள் ஊர் உட்கார்ந்த இடத்திலேயே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. சோவியத் யூனியன் 1991இல் இல்லாமல் போனது. புளூட்டோவை 2006இல் கோள்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. புளூட்டோவின் பாதை அவ்வப்போது நெப்டியூனின் பாதைக்கு உள்ளே வந்துபோகும். 1979 முதல் 1999 வரை நெப்டியூனைவிடப் புளூட்டோதான் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆக, ‘கடைசிக் கோள் புளூட்டோ’ என்று நாங்கள் ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த அந்த வருஷத்திலேயே அந்த விடை தப்புதான். எங்கள் வாத்தியார் பெரிய சாருக்கும் அது தெரியாது, புத்தகம் போட்டவர்களும் அவ்வளவு தூரம் போகவில்லை.

படித்தது இத்தனையும் பழசாகிப்போன பிறகும், உட்கார்ந்த எல்லா வகுப்பறைகளிலும் அந்த ஒன்றுக்குத்தான் திரும்பிப் போக மனசு அடித்துக்கொள்கிறது. கல்லூரி நண்பர்கள் கூடும் நாளுக்கு நான் போவதில்லை. உயர்நிலைப் பள்ளியின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எழுத எதுவும் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பு என்று யாராவது சொன்னால் மட்டும் பேச்சு நிற்காது.

கோவில்பட்டிக்கும் எட்டையபுரத்துக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓடு வேய்ந்த நீளமான கட்டடம், வாசலில் ஒரு பூவரசு. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இரண்டு பேர். முதல் மூன்று வகுப்பும் டீச்சர் பொறுப்பு. நாலும் அஞ்சும் பெரிய சாருக்கு. தலைமையாசிரியர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல், கைத்தொழில், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான்.

நாலாம் வகுப்புக்கும் அஞ்சாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. நாங்கள் நாலில் இருந்தபோது பெருக்கல் கணக்கைப் போட்டுக்கொண்டே அஞ்சாம் வகுப்பின் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தோம். கங்கை எங்கே உற்பத்தியாகிறது, இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே அரைகுறையாகத் தெரியும். அடுத்த ஜூனில் அந்தப் பாடம் எங்களுக்கென்று வந்தபோது, ஊரில் பார்த்த ஆளை டவுனில் பார்ப்பது போல இருந்தது. ஒரே பாடத்தை இரண்டு தடவை கேட்க வாய்த்தது. முதல் தடவை தேர்வுக் கவலை இல்லாமல். இரண்டு வகுப்புகளை ஒரே கூடத்தில் அடைப்பது பற்றாக்குறை என்று கல்வித் துறை அறிக்கைகள் சொல்லும். பற்றாக்குறைதான். ஆனால் அந்த ஒட்டுக்கேட்பு இல்லாவிட்டால் எனக்குப் படிப்பில் ருசி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அஞ்சாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடமே நம்முடையது. மணி என்று தொங்கிய தண்டவாளத் துண்டை அடிப்பது நாங்கள். ஊமத்தை இலையும் அடுப்புக் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது நாங்கள். பென்சிலை விட்டு மைப்பேனா பிடிக்கலாம். பிரில் மை பட்ட சட்டைப் பை பெருமைக்கு அடையாளம். அந்த ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எங்கள் பள்ளியிலும் அடுப்பு எரிய ஆரம்பித்ததும் இன்னொரு வேலை சேர்ந்தது. காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணி, ஆளுக்கு இத்தனை கிராம் அரிசி என்றால் இன்றைக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு ஆயாவிடம் சொல்ல வேண்டும். கிராமைக் கிலோவாக்கும்போது புள்ளி எங்கே விழும் என்பதைத் தசமப் பாடம் வருவதற்கு முன்பே அந்த அண்டா கற்றுக்கொடுத்துவிட்டது. புள்ளி இடம் மாறினால் சோறு பத்தாது.

பெரிய சார் ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் படித்து வந்தவர். 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து பிறந்தது ஆதாரக் கல்வி. ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகமும் அதில் இருந்தார்கள். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, எல்லாப் பாடத்தையும் அதைச் சுற்றியே சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 1982இல் அதெல்லாம் எப்போதோ கைவிடப்பட்ட சமாச்சாரம். பாடத்திட்டம் வேறு, புத்தகம் வேறு. ஆனால் இருபது வயதில் படித்துக்கொண்டதை மனுசர் விடவில்லை. பீரோவில் ஒரு தகரப் பெட்டி நிறைய நூல் நூற்கும் தக்ளிகள் வைத்திருந்தார்.

நடுவில் வைக்கும் கைத்தொழிலுக்கு எங்கள் ஊரில் வேறு எதைத் தேட வேண்டும்? பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு பக்கமும் பருத்திதான். கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வைத்த பூமி அது. கருங்கண்ணிப் பருத்தி என்றால் எங்கள் பக்கத்துப் பருத்தி. காடு பூத்த வாரம் பெரிய சார் அறிவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். புத்தகத்தில் இருந்தது செம்பருத்திப் பூவின் படம். ‘பாத்துக்கோங்க, பருத்தியும் செம்பருத்தியும் அண்ணன் தம்பி’ என்று ஆளுக்கொரு பருத்திப் பூவைப் பறித்துவரச் சொன்னார். மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்பு. பிளேடால் நெடுக அறுத்து வைத்தோம். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத் தாள் வட்டம், சூலக வட்டம். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து குழல்போல் நிற்கும். அதற்குள் நுழைந்து சூல்தண்டு வெளியே தலைநீட்டும். பிறகு வாசலில் இருந்த பூவரசம் பூவை அறுத்தோம். அதே அமைப்பு. வீட்டுக் கொல்லையில் வெண்டைப் பூ, வேலியோரம் துத்திப் பூ. அதே அமைப்பு. ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் ஒரு பூ பாக்கியில்லை, அறுக்காமல் விடவில்லை. வெண்டை காய்க்காமல் போனதற்கு எங்களை ஏசாத வீடு கிடையாது.

புவியியல் வகுப்பு அதே காட்டில்தான். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும், காய்ந்தால் வெடிக்கும், பருத்திக்கு ஏற்றது. இது புத்தகத்தின் வரி. வெடிப்புக்குள் ஒரு குச்சியை விட்டு எவ்வளவு ஆழம் என்று சென்டிமீட்டரில் அளந்து வந்தது எங்கள் வரி. ‘ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் இந்தியாவின் பெரும்பகுதி மழை பெறுகிறது’ என்று வாசித்தபோது ஒரு பயல் எழுந்து, ‘சார், இங்க காத்துதான் அடிக்கி, மழையைக் காணலையே’ என்றான். பெரிய சார் அவனையே மேற்குத் தொடர்ச்சி மலையாகக் கையை விரித்து நிற்க வைத்தார். அவனுக்கு அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் நாம். மேகம் அவன் மேல் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. வெறும் காற்று மட்டும் தாண்டி வந்து நம் வேட்டியைப் பறக்க விடுகிறது. நமக்கு மழை வேண்டுமென்றால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரவேண்டும். மழைமறைவுப் பகுதி என்ற சொல்லைப் பின்னால் உயர்நிலைப் பள்ளியில் கேட்டபோது எனக்கு அந்தப் பயலின் விரித்த கைதான் ஞாபகம் வந்தது. பாவம், பீரியடு முழுக்க மலையாகவே நின்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தக்ளி. பஞ்சைக் கொட்டை நீக்கி, அடித்து, குச்சியில் சுருட்டிப் பட்டை போட்டு, நூல் இழுக்க வேண்டும். நூல் அறும். மறுபடி ஒட்டி இழுக்க வேண்டும். என் நூல் சணலுக்குத் தம்பி. நூற்றுக்கொண்டிருக்கும்போதே அவர் வரலாற்றை ஆரம்பிப்பார். இங்கே விளைந்த பஞ்சு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்த கதை. வெள்ளைக்கார முதலாளிகள் தூத்துக்குடியிலேயே வந்து மில் வைத்த கதை. அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் 1908இல் வேலைநிறுத்தம் செய்தபோது பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. அவர்களோடு நின்றது, அவர் கப்பல் விட்டது, செக்கிழுத்தது. நூல் அறுந்தவன் அழுகிறானா, செக்கிழுத்த கதைக்கு அழுகிறானா என்று தெரியாது.

மறு வாரம் தமிழ்க் கட்டுரை. ‘தன் வரலாறு கூறுதல்’ அந்தக் காலத்தில் தப்பிக்கவே முடியாத வகை. குடை தன் வரலாறு கூறும், ரூபாய் நோட்டு தன் வரலாறு கூறும், கிழிந்த சட்டை கூறும். நாங்கள் எழுதியது பருத்தி தன் வரலாறு கூறுதல். பூவின் நாலு வட்டமும் அதில் வந்தது, வெடிப்பின் ஆழமும் வந்தது, கோரல் மில்லும் வந்தது. ஒரு பெண் தன் அப்பா கமிஷன் கடையில் போட்ட பருத்தியின் எடை, விலை, கழிவு, தரகு, கைக்கு வந்த பாக்கி எல்லாவற்றையும் கட்டுரைக்குள் கணக்காகவே எழுதியிருந்தாள். பெரிய சார் அதைத் தமிழ் நோட்டில் திருத்திவிட்டு, கணக்குக்கும் மதிப்பெண் போட்டார்.

தொழிலை வைத்துப் படிப்பு என்றாலே தமிழ்நாட்டில் ஒரு பயம் எழும், எழ வேண்டியதுதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் விழுந்து, அடுத்த வருஷமே அது போனது நியாயம். அப்பன் தொழிலுக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது வேறு; அப்பன் காட்டுப் பூவை அறுத்துக் காட்டி அவனை வெளியே அனுப்புவது வேறு. பெரிய சாருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பருத்தி எடுக்கிற நாளில் லீவு கேட்டு வருகிற தகப்பன்மாரிடம் அவர் பேசுகிற பேச்சில் அது தெரியும்.

கணக்கில் பின்னம் வந்தபோது வீட்டிலிருந்து படி, உழக்கு, ஆழாக்கு கொண்டுவரச் சொன்னார். எட்டு ஆழாக்கு ஒரு படி, நாலு உழக்கு ஒரு படி. கால் படி கம்பும் அரைக்கால் படி கம்பும் சேர்ந்தால் எத்தனை? உழக்கு கம்பையும் ஆழாக்கு கம்பையும் படியில் கொட்டி, பிறகு ஆழாக்கால் அளந்தால் மூன்று வரும். எட்டில் மூன்று. கரும்பலகையில் 3/8 என்று எழுதியபோது கீழே இருக்கிற எட்டு எதற்கு நிற்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரைக்கால், மாகாணி, வீசம் எல்லாம் சொல்லும் தாத்தாக்கள் அப்போது ஊரில் உயிரோடு இருந்தார்கள். அன்று ராத்திரி பேரன்களிடம் அவர்களுக்கு ஒரு மரியாதை கூடியது. மீ.சி.ம. கணக்குக்கு பஸ். ஒரு பஸ் 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இன்னொன்று 60 நிமிஷத்துக்கு ஒரு தடவை; இரண்டும் காலையில் ஒன்றாக வந்தால் மறுபடி எப்போது ஒன்றாக வரும்? 120 நிமிஷம். ‘ரெண்டும் எப்பவுமே நேரத்துக்கு வராது சார்’ என்றவனுக்கு ஒரு குட்டு.

பல் பாடம் வந்தபோது எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் எண்ணினோம். பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்றது புத்தகம். எங்களில் பலருக்கு 24. பத்து வயது வாயில் பாலும் நிலையும் கலந்திருக்கும், கடைசிக் கடைவாய்ப் பற்கள் இன்னும் வரவில்லை, புத்தகம் சொல்வது முழுக் கணக்கு என்று அவர் விளக்கினார். அச்சில் இருப்பதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, ஏன் என்று கேட்க வேண்டும் என்பதை நான் அங்கே பிடித்துக்கொண்டேன்.

ஆங்கிலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் வகுப்பில் தொடங்கியது. அஞ்சிலும் நாலு கோட்டு நோட்டை விட்டு வெளியே வரவில்லை. அதைப் பின்னால் வேறு ஆட்களிடம் கற்றுக்கொண்டேன்.

தமிழ் எழுத்தில் ஒரு சின்னக் கலகம் நடந்துகொண்டிருந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபின், புத்தகங்களில் ணை, லை, னை எல்லாம் முன்னால் இணைக் கொம்பு போட்டு வந்தன. பெரிய சாரின் கை மட்டும் தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கிய பழைய எழுத்தை விடவில்லை. கரும்பலகையில் ஒரு ‘லை’, புத்தகத்தில் ஒரு ‘லை’. நாங்கள் இரண்டையும் வாசிப்போம், புதியதை எழுதுவோம். இன்றும் பழைய பத்திரிகை, தாத்தா காலத்துப் பத்திரம் எதைக் கொடுத்தாலும் தடுக்காமல் வாசிக்க முடிவது அந்தப் பிடிவாதத்தின் தயவு.

வரலாறு எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சண்டை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு ஒரு பக்கம். 1799 அக்டோபர் 16 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். கம்பெனிப் படையோடு நின்ற எட்டையபுரம் பாளையம் இன்னொரு பக்கம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு எட்டையபுரத்தில் தாய்மாமன், சித்தி, அத்தை. பாடம் நடந்த அன்று மத்தியானம் விளையாட்டு இரண்டு கட்சியாகிக் கல்லெறியில் முடிந்தது. அந்த டிசம்பரில் பாரதி நூற்றாண்டு வந்தது. 1882 டிசம்பர் 11இல் எட்டையபுரத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ‘பாரதி’ என்று பட்டம் கொடுத்ததும் அந்த அரண்மனைச் சபைதான். எட்டையபுரம் கட்சிக்கு உயிர் வந்துவிட்டது. ‘காட்டிக்கொடுத்த அரண்மனைன்னியளே, பாரதிக்குப் பட்டம் குடுத்தது எந்த அரண்மனை?’ என்று கேட்டார்கள். வழக்கு பெரிய சாரிடம் போனது. அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டே, ‘ரெண்டும் ஒரே அரண்மனைதாம்லே. ரெண்டையும் எழுதுங்க’ என்றார். வரலாற்றைப் பற்றி இதைவிட நல்ல பாடத்தைப் பிறகு எந்தப் பேராசிரியரிடமும் நான் கேட்கவில்லை.

தை மாதம் கழுகுமலைக்குக் கூட்டிப்போனார். கீழேயிருந்து கட்டாமல், ஒற்றைப் பாறையை மேலிருந்து குடைந்துகொண்டே இறங்கிய வெட்டுவான் கோவில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை, முடிக்காமல் விட்டது. பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். ஏன் முடிக்கவில்லை என்று கேட்டோம். ஆளுக்கொரு காரணம் சொல்லச் சொன்னார். சம்பளம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னவன் இன்று ஒப்பந்தக்காரனாக இருக்கிறான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழில் பூமி. ‘எரிதல்’ பாடத்தில் மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, பிராணவாயு குறைந்ததும் சுடர் அணைவதைக் காட்டினார். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், உரசினால்தான் பற்றும் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரின் விரல்களில் பசை காய்ந்திருந்தது. வீட்டில் பெட்டி ஒட்டிவிட்டு வந்தவர்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு எங்கள் வகுப்பில் யாருக்கும் தடுக்காது. 12 டஜன் ஒரு குரோஸ், 144 பெட்டி. கூலி குரோஸ் கணக்கில்தான் வரும். பருத்திக் கட்டுரையில் தரகுக் கணக்கு எழுதிய அந்தப் பெண், 144ஐ எதனால் பெருக்கச் சொன்னாலும் வாயாலேயே சொல்லுவாள். அவளைப் பெரிய சார் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார்.

ஏப்ரலில் அஞ்சாம் வகுப்பு முடிந்தது. அடுத்த வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும். ஆண்பிள்ளைகளிலேயே சிலர்தான் போனோம். அவள் போகவில்லை. விடியுமுன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும் தீப்பெட்டிக் கம்பெனி வண்டியில் ஏறினாள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். அவளுக்குப் பிந்தி வந்தது. பெரிய சார் அவள் வீட்டுக்கு நடையாய் நடந்தார் என்பது ஊருக்குத் தெரியும். மாற்றுச் சான்றிதழை எழுதி வைத்துக்கொண்டு, வந்து வாங்கட்டும் என்று காத்திருந்தார். பழசை நினைத்து உருகும் என் வயதுக்காரர்கள் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று ஆரம்பிக்கும்போது எனக்கு வாய் வருவதில்லை. அந்த வண்டியும் அந்தக் காலத்தில்தான் வந்தது.

ஆறாம் வகுப்பில் எல்லாம் பிரிந்தது. நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு மணி. ஒருவர் போய் இன்னொருவர் வருவார். தமிழையா நுழையும்போது கரும்பலகையில் கணக்கு சாரின் எண்கள் இருக்கும். முதல் வேலையாக அழித்துவிடுவார். அறிவியல் சாரிடம் கோரல் மில்லைப் பற்றிக் கேட்டால் ‘அது வரலாறு, அவருகிட்டக் கேளு’ என்பார். அவர்கள் எல்லோரும் தங்கள் பாடத்தில் பெரிய சாரைவிட அதிகம் படித்தவர்கள். அதில் சந்தேகமில்லை. இயற்பியலை ஆதாரப் பயிற்சி பெற்ற ஒருவர் கடைசிவரை சொல்லித்தந்துவிட முடியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும். நான் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒருவரே தெரிந்துவைத்திருக்க முடியும், அவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம், பூவிலிருந்து மில்லுக்கும் மில்லிலிருந்து கணக்குக்கும் நடந்தே போய்விடலாம் என்று நம்பிய கடைசி வருஷம் அது. எனக்கு வேண்டியிருப்பது அந்த நம்பிக்கை. பிறகு நான் படித்த படிப்பு எதுவும் அதைத் திருப்பித் தரவில்லை.

இன்றைய ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களை அக்கா பேத்தியிடம் வாங்கிப் பார்த்தேன். எங்களுடையதைவிட நல்ல புத்தகங்கள். வண்ணப் படம், செய்து பார்க்க வேலை, கைப்பேசியைக் காட்டினால் காணொளி திறக்கும் சதுரக் கட்டம். காலையில் உப்புமாவோ பொங்கலோ தருகிறார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அது. தீப்பெட்டி வண்டிக்காக எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் இன்று விடியலில் எழுந்திருப்பதில்லை. இவை சின்ன விஷயங்கள் அல்ல. நடுவில் 2019இல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத் தேர்வு என்று ஒரு அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அது நின்றது நல்லது. பத்து வயதுப் பிள்ளை ஊமத்தை இலை அரைக்கலாம், அரிசிக் கணக்குப் போடலாம், மேற்குத் தொடர்ச்சி மலையாக நிற்கலாம். பொதுத் தேர்வு எழுத வேண்டியதில்லை.

எனக்கு நெருடுவது வேறொன்று. அந்தப் பேத்திக்குத் தமிழுக்கு அம்மா, கணக்குக்கு டியூஷன் அக்கா, ஆங்கிலத்துக்கு ஒரு செயலி, சமூக அறிவியலுக்கு மட்டும் யாரும் இல்லை. அதை அவளே மனப்பாடம் செய்துகொள்வாள் என்று விட்டிருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் பட்டதாரிகள். அவளுடைய ஐந்து புத்தகங்களையும் முழுசாக வாசித்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை, அவளைத் தவிர.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதுகூட வேண்டாம், பையிலேயே இருக்கும். கேள்வி கேட்பதற்காக எடுக்காமல், நீங்கள் படிப்பதற்காக எடுங்கள். ஐந்தையும் ஒருவரே படியுங்கள். ஒரு வாரம் போதும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெண்டைப் பூவைப் பறித்து வந்து, பிள்ளையை எதிரே உட்கார வைத்து அறுங்கள்.